மிஞ்சிய நெல்லும் வீட்டுத் தோட்டமும்

அறுவடைக்குப் பின் களத்தில் மிஞ்சும் நெல் எல்லாம் ஒரே தன்மையுடையதன்று. தூற்றும்போது காற்றோடு ஒதுங்கும் சாவி ஒரு வகை. பால் பிடித்தும் முற்றாமற் போன கருக்காய் மற்றொரு வகை. மழையில் நனைந்து நிறம் மாறியது, கதிரிலேயே முளைவிட்டது, சென்ற பருவத்தில் விதைக்கென வைத்து விதைக்காமல் விட்டது, களத்து மண்ணோடு கூட்டி அள்ளியது என இன்னும் பல வகை உண்டு. இவை அனைத்தையும் வீண் நெல் என்ற ஒரே பெயரால் அழைத்து, கொட்டகையின் ஒரே மூலையில் சாக்குகளில் அடுக்கி வைப்பது நம் கிராமங்களில் பலரிடம் காணப்படும் வழக்கமாகும். பின்னர் ஒருநாள் அந்தச் சாக்குகளிலிருந்து ஒரு கூடை கோழிக்கும், ஒரு கூடை மாட்டுத் தொட்டிக்கும், மிகுதி வாழைத் தோட்டத்துக்கும் போகிறது. கோழிக்குப் போக வேண்டியது தோட்டத்துக்கும், எருக்குழிக்குப் போக வேண்டியது மாட்டின் வாய்க்கும் போய்விடுவதால் ஏற்படும் நஷ்டம், நெல் விலைபோகாததால் ஏற்பட்ட நஷ்டத்தைவிடப் பெரிதாகிவிடுவதும் உண்டு.

இவ்வாறு நெல் மிஞ்சுவது உழவரின் கவனக் குறைவால் மட்டுமன்று. காவிரிப் பாசனப் பகுதியில் சம்பா அறுவடை தை, மாசி மாதங்களில் நடைபெறுகிறது. 2021 ஜனவரியிலும், 2023 பிப்ரவரித் தொடக்கத்திலும் பருவம் தவறிப் பெய்த மழையால், அறுவடைக்கு நின்ற பயிர் சாய்ந்து நீரில் கிடந்ததை அப்பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் விதிப்படி 17 சதவிகிதத்துக்கு மேற்படாத ஈரமுள்ள நெல்லையே வாங்கலாம். சேதமுற்றது, நிறம் மாறியது, முளைத்தது, வண்டரித்தது ஆகிய மணிகள் எல்லாம் சேர்ந்து 5 சதவிகிதத்தையும், முற்றாமல் சுருங்கிய மணிகள் 3 சதவிகிதத்தையும் தாண்டக்கூடாது. மழை ஆண்டுகளில் இவ்விதிகள் தளர்த்தப்படுவது உண்டென்றாலும், தளர்த்திய விதிக்கும் அடங்காத நெல் ஒவ்வொரு ஊரிலும் சில மூட்டைகளாவது நின்றுவிடுகிறது. அந்த மூட்டைகளை மனையிலும் தோட்டத்திலும் எவ்வாறு பயன்கொள்வது என்பதையே இங்கு ஆராய்வோம்.

பிரித்தறிதல்

எந்த நெல்லையும் பயன்படுத்துமுன் அதனைப் பிரித்தறிதல் வேண்டும். மூட்டையின் நடுவில் கையை நுழைத்துப் பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். உள்ளே சூடு தட்டினால் அந்த நெல் கெடத் தொடங்கிவிட்டது என்று பொருள். அள்ளும்போது கட்டி கட்டியாக வருவது, பச்சை, மஞ்சள், கறுப்பு நிறத்தில் தூள் படிந்திருப்பது, மக்கிய நெடி வீசுவது ஆகியவை பூஞ்சணத்தின் அடையாளங்கள். அத்தகைய மூட்டையை வேறிடத்தில் தனியே வைத்து, அடையாளமாக ஒரு கயிற்றையேனும் கட்டிவிட வேண்டும். நிறம் மட்டும் சற்று மங்கி, நெடியின்றி, கடித்தால் பல்லுக்கடியில் நொறுக்கென்று உடையும் நெல்லைக் காயவைத்துக் காப்பாற்றலாம். ஈரம் 14 சதவிகிதத்துக்குக் கீழ் இறங்கினால் சில மாதங்கள் வரை தீவனத்துக்குக் கெடாமல் இருக்கும்.

இவ்விதம் காப்பாற்றிய நெல்லில் உணவுக்குத் தகுந்தது இருப்பின், அது முதலில் அடுப்புக்கே போக வேண்டும். பழைய நெல்லானாலும் மணி கெடாதிருந்தால் அவலாகவும் பொரியாகவும் ஆக்கலாம். இதனை நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு நாம் எடுத்துச்சொல்ல வேண்டிய அவசியமில்லை.

பழைய விதை நெல்லுக்கு ஒரு சோதனை போதும். நூறு மணிகளை எண்ணி ஈரச் சாக்குத் துணியில் பரப்பிச் சுருட்டி, ஈரம் காயாமல் நிழலில் வைத்திருந்து, ஒரு வாரத்துக்குள் எத்தனை முளைத்தன என்று எண்ண வேண்டும். சான்று பெற்ற விதைக்குக் குறைந்தது 80 சதவிகித முளைப்பு வேண்டும் என்பது விதி. அதற்குக் கீழ்ப்பட்டதை வயலில் நம்பி விதைத்தலாகாது. ஆனால் பாதி முளைத்தாலும் தோட்டத்துக்கு அது உதவும். அதைப் பின்னர்க் கூறுவோம். கதிரிலேயே முளைவிட்டுப் பின் வெயிலில் காய்ந்த மணி பெரும்பாலும் மறுபடி முளைக்காது. அதை விதைக்கணக்கில் சேர்க்க வேண்டாம்.

வாய்க்குப் போகக்கூடாத நெல்

இரண்டு வகை நெல்லை மனிதர், மாடு, கோழி எவருடைய வாய்க்கும் விடக்கூடாது. ஒன்று, மருந்திட்ட விதை நெல். விதைநேர்த்திக்காகப் பூஞ்சணக் கொல்லி கலந்த நெல் சில வேளை சாயம் ஏற்றப்பட்டிருக்கும். வீட்டிலேயே மருந்து கலந்திருந்தால் சாயம் இராது. ஆறு மாதம் கழிந்தபின் பார்ப்பவருக்கு அது சாதாரண நெல்லாகவே தோன்றும். ஆகவே மருந்து கலந்த அன்றே சாக்கின்மீது எழுதி வைப்பது நலம். இன்ன சாக்கு என்று நினைவில்லாத விதை நெல்லை, மருந்திட்டதாகவே கருத வேண்டும். கழுவினால் போய்விடும் என்று எண்ணிக் கோழிக்கு இறைப்பவர்கள் உண்டு, அது தவறு. அதனைக் குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டுவதும் கூடாது. என்ன செய்வதென்று பக்கத்து வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

மற்றொன்று பூஞ்சணம் பிடித்த நெல். இதைப்பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டியிருக்கிறது. ஏனெனில், மாட்டுக்கு என்ன, அது தின்னும் என்று சொல்லும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் புரியாமல் மடிந்தன. ஆராய்ந்தபோது, அவற்றுக்கு இட்ட நிலக்கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த ஒருவகைப் பூஞ்சணமே நஞ்சை உண்டாக்கியது எனக் கண்டறிந்தனர். அந்நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயரிட்டனர். கடலையில் மட்டுமன்றி, ஈரத்தோடு அடைத்து வைத்த நெல், சோளம், மக்காச்சோளம் ஆகியவற்றிலும் அதே பூஞ்சணம் வளரும். இந்த நஞ்சு ஈரலைத் தாக்குவது. வாத்துக் குஞ்சுகளுக்கு மிகச் சிறிய அளவே போதும். கறவை மாடு தின்றால் பாலிலும் அதன் கூறு இறங்குகிறது. அந்தப் பாலைக் குடிப்பது நம் வீட்டுக் குழந்தைகள்தாம். நெல்லை வேகவைப்பதாலோ, வெயிலில் காயவைப்பதாலோ, பூஞ்சணத் தூளைத் தட்டிவிடுவதாலோ உள்ளே ஊறிய நஞ்சு நீங்குவதில்லை. நிறையத் தீவனம் வாங்கும் கோழிப் பண்ணையாளர்கள் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வுக் கூடத்தில் மாதிரி கொடுத்துச் சோதித்துக்கொள்கிறார்கள். இரண்டு மூட்டை நெல் வைத்திருக்கும் குடும்பத்துக்கு அது கட்டுப்படியாகாது. ஐயமுள்ள மூட்டையை எருக்குழிக்கு அனுப்பிவிடுவதே மலிவான சோதனை.

கோழியும் வாத்தும் மாடும்

நல்ல நிலையில் உள்ள மிச்ச நெல்லுக்கு மனையில் கிடைக்கும் மிகச் சிறந்த பயன் கோழித் தீவனமே என்பது நம் கருத்து. இதற்குக் கணக்கு உண்டு. நூறு கிலோ நெல்லை மக்கவைத்தால் மண்ணுக்குக் கிடைக்கும் தழைச்சத்து ஏறத்தாழ ஒரு கிலோவே. இரண்டு கிலோ யூரியாவில் அவ்வளவு சத்து கிடைத்துவிடும். அதே நூறு கிலோவைப் புறக்கடைக் கோழிகளுக்கு இட்டால் முட்டையும் கிடைக்கிறது, எச்சமாகப் பெரும்பகுதிச் சத்து மண்ணுக்கும் திரும்புகிறது. பத்துக் கோழி வளர்க்கும் வீட்டில் நாளொன்றுக்கு ஒரு கோழிக்கு 50 கிராம் வீதம் கொடுத்தால் அரைக் கிலோ செலவாகும். 40 கிலோ மூட்டைகள் மூன்று, எட்டு மாதத்துக்கு வரும். நெல்லில் புரதம் 7, 8 சதவிகிதமே உண்டு. உமியும் சேர்ந்திருப்பதால் நார் அதிகம். எனவே நெல்லை மட்டும் இட்டு முட்டையை எதிர்பார்த்தல் தகாது. புழு பூச்சி, கீரை, சிறிது பிண்ணாக்கு ஆகியவை பாதி வயிற்றை நிரப்ப வேண்டும். குஞ்சுகளுக்கு முழு நெல் ஆகாது; குருணையே தக்கது.

வாத்து வளர்ப்போர் அறுவடையான வயல்களில் மந்தையை மேயவிட்டு, சிந்திய நெல்லை முட்டையாக மாற்றிக்கொள்வதை டெல்டா கிராமங்களில் ஆண்டுதோறும் காண்கிறோம். இயந்திர அறுவடையில் வயலில் சிந்தும் மணிகளை இதைவிடச் செட்டாகப் பொறுக்கும் வழி வேறில்லை. ஊருக்கு வரும் மந்தைக்காரரை விரட்டாமல், எந்த வயல்களில் எந்த நாள்வரை மேயலாம் என்று பேசி முடித்துக்கொள்வது இரு சாராருக்கும் அனுகூலமானது. மருந்து தெளித்து அதிக நாளாகாத வயலாயின் அதனை முன்கூட்டியே சொல்லிவிடுதல் முறை.

மாட்டின் விஷயம் வேறு. ஓரளவு நெல்லை மாவாக உடைத்தோ ஊறவைத்தோ கொடுக்கலாம். முழுதாகக் கொடுத்தால் பெரும்பகுதி சாணத்தோடு அப்படியே வெளிவந்துவிடும். முதல் நாள் இரு கைப்பிடியில் தொடங்கிப் பத்து நாளில் சிறுகச் சிறுக உயர்த்தி, கறவை மாட்டுக்கு ஒரு கிலோவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அளவு மீறினால் ஆபத்து. அவிழ்த்துக்கொண்ட மாடு இரவில் நெல் மூட்டையைக் கண்டுவிட்டால் விடியுமுன் வயிறு நிறையத் தின்றுவிடும். அந்த நெல் வயிற்றில் புளித்து அமிலமாகி, மாடு அசைபோடுவதை நிறுத்தும். வயிறு உப்பி, நாற்றமுள்ள கழிச்சல் கண்டு, பின்னர் எழுந்திருக்க முடியாமல் படுத்துவிடும். கல்யாண வீட்டுச் சோற்றைத் தின்ற மாட்டுக்கு வருவதும் இதே நோய்தான். நேரம் கடந்தால் பிழைப்பது அரிது. மாடு நெல்லைத் தின்றுவிட்டது எனத் தெரிந்தவுடனேயே, நோய்க்குறி தோன்றும்வரை காத்திராமல், கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். 1962 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் கூறினால் கால்நடை மருத்துவ ஊர்தி வர ஏற்பாடு உண்டு. கைவைத்தியத்தில் அரை நாளைக் கழிப்பதால் மாட்டை இழந்த குடும்பங்கள் பல.

நெல்லைத் தட்டில் முளைக்கவைத்துப் பசுந்தீவனமாக்கும் முறையைச் சிலர் இப்போது பெரிதும் புகழ்கின்றனர். ஒரு கிலோ தானியம் ஒரு வாரத்தில் ஐந்தாறு கிலோ பசும்புல் ஆகிறது என்பது பார்ப்பதற்கு வியப்பே. ஆனால் ஏறிய எடை முழுவதும் நீர். உலர்ந்த பொருளைக் கணக்கிட்டால் முதலில் இருந்ததைவிடச் சற்றுக் குறைந்தே இருக்கும். பசுமையே கிடைக்காத கோடையில் ஆட்டுக் குட்டிகளுக்கும் கோழிகளுக்கும் சிறிது செய்து கொடுக்கலாம். மாட்டுத் தீவனத்துக்கு இதை நம்பிச் செலவு செய்தல் வேண்டாம். தட்டில் பூஞ்சணம் படிந்தால் அதுவும் எருக்குழிக்கே.

தோட்டத்தில்

முழு நெல்லைத் தோட்டத்து மண்ணில் மூடாக்காக அப்படியே கொட்டுபவர்கள், அடுத்த மழையில் கத்தரிப் பாத்தி முழுவதும் நெல் நாற்றாக நிற்பதைக் காண்பார்கள். கூடவே எலியும் வந்து சேரும். நெல் முளைக்கும் என்பதை மறக்காமல், அம்முளைப்பையே வேலைக்குப் பயன்படுத்துவதுதான் சரியான வழி.

வாழை, தென்னை, மா முதலிய மரங்களின் நடுவே வெறுமையாகக் கிடக்கும் ஈர நிலத்தில், முளைப்பு குறைந்த பழைய விதை நெல்லைச் சதுர மீட்டருக்கு 100 கிராம் அளவில் அடர்த்தியாகத் தூவி, மேல்மண்ணைக் கிளறி மூடிவிடலாம். தூவுவதற்கு முன் ஒரு பகல் ஊறவைத்தால் ஒரே சீராக முளைக்கும். பறவைகளும் எறும்புகளும் கொண்டுபோவது குறையும். இளங்கன்றுகளின் அடியிலிருந்து ஒரு முழம் விட்டே விதைக்க வேண்டும். இல்லாவிடில் நெல் வேர் கன்றோடு நீருக்குப் போட்டியிடும். முப்பது முப்பத்தைந்து நாளில் முழங்கால் உயரம் வந்ததும் அறுத்து, அறுத்த இடத்திலேயே பரப்பிவிட வேண்டும். மண் வெயிலில் காயாமல் இருக்கும்; களை அடங்கும். நெல் மறுபடி துளிர்ப்பது இயல்பு. இரண்டாவது முறை அறுத்தபின் கொத்திப் புரட்டிவிடலாம். கதிர் வாங்க விட்டால் மட்டும் செய்த வேலை அத்தனையும் வீண்; மணி உதிர்ந்து அடுத்த ஆண்டும் களையாக நிற்கும்.

இதில் ஒரு குறை உண்டு. நெற்பயிர் மண்ணுக்குப் புதிதாகத் தழைச்சத்து சேர்க்காது. உள்ளதை எடுத்து வைத்துத் திரும்பத் தருவதோடு சரி. ஆகையால் தூவும் நெல்லில் பாதியைக் குறைத்து, அந்த இடத்துக்குச் சணப்பு, தக்கைப்பூண்டு, தட்டைப்பயறு ஆகியவற்றில் கிடைப்பதைக் கலந்துகொள்வது மேல். காற்றிலுள்ள தழைச்சத்தைத் தம் வேர் முடிச்சுகளில் பிடித்துவைப்பவை அவை. பல தானியங்களைக் கலந்து விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழும் முறையைத் தமிழ்நாட்டில் பரப்பியவர் இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் (1938–2013). அம்முறையின் சிறிய வடிவமே இது என்று கொள்ளலாம்.

சாவியும் கருக்காயும் கலந்த தூற்றுக் குப்பையை நேரே பாத்தியில் இடாமல், முதலில் கோழிக் கூண்டின் தரையில் நாலு விரற்கடை உயரத்துக்குப் பரப்ப வேண்டும். கோழிகள் நாள் முழுவதும் சீய்த்து, உள்ளே மறைந்துள்ள மணிகளைப் பொறுக்கித் தின்றுவிடும். எந்தச் சல்லடையும் அவ்வளவு சுத்தமாகப் பிரிக்காது. எச்சத்தின் ஈரத்தைச் சாவி உறிஞ்சுவதால் கூண்டு நாறுவதும் குறையும். சில மாதம் கழித்து அள்ளும்போது அது முளைக்கும் மணி அதிகமில்லாத, தழைச்சத்தேறிய எருவாக இருக்கும். பச்சையாகச் செடியின் அடியில் இடாமல் ஒரு மாதம் குவித்து ஆறவைத்துப் பின் இடுதல் நலம்.

உமியைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. அது எளிதில் மக்காது. காற்றுக் குறைந்த மூட்டத்தில் கரியாக்கினால் நாற்றங்கால் மண்ணை இளக்கவும், தொட்டிச் செடிக்கு நீர் பிடித்து வைக்கவும் உதவும்.

வாசலில் நெற்கதிர்க் குஞ்சம் கட்டித் தொங்கவிடும் பழைய வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. சிட்டுக்குருவிக்கென்று விட்ட அந்த ஒரு பிடிக் கதிரை எந்தக் கணக்கிலும் சேர்க்க நமக்கு மனமில்லை.

எருக்குழி

பூஞ்சணம் பிடித்தது, அழுகியது, மண்ணோடு கலந்தது ஆகியவற்றுக்கு எருக்குழியே இடம். கையாளும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். அந்தத் தூசி நுரையீரலுக்குத் தீங்கானது. நெல்லை மட்டும் குவித்தால் அது மக்குவதற்குப் பதில் புளித்துச் சேறாகி நாறும். வைக்கோலும் இலைதழையும் ஒரு சாண், அதன்மேல் நெல் மூன்று விரற்கடைக்கு மேற்படாமல், அதன்மேல் சாணக் கரைசல் என்று மாற்றி மாற்றி அடுக்கி, இடுப்பளவு உயர்ந்ததும் மேலே மண் பூசி மூட வேண்டும். முளைக்கக்கூடிய நெல்லாயின் முன்னதாக ஊறவைத்து, சாக்கு மூடி முளைவிடச் செய்து பின் அடுக்குவது ஒரு நல்ல உபாயம். முளைவிட்ட மணி குவியலின் சூட்டில் விரைவில் மடியும். நன்றாக அடுக்கிய குவியலின் நடுவில் சூடு 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறும். ஓரத்தில் அவ்வளவு சூடு இராது. அதனால் பதினைந்து நாளுக்கொரு முறை ஓரத்து நெல் நடுவுக்கு வரும்படி புரட்டிவிடுதல் இன்றியமையாதது. மாசியில் போட்ட குவியல் ஆடிப் பட்டத்துக்குத் தயாராகிவிடும். பாத்தியில் இடுமுன் ஒரு கொட்டாங்கச்சியில் அந்த எருவை நிரப்பி ஒரு வாரம் நீர் தெளித்துப் பார்த்தால், நெல் முளை தலைகாட்டுகிறதா என்பது தெரிந்துவிடும். தலைகாட்டினால் இன்னும் ஒருமுறை புரட்ட வேண்டும்.

பஞ்சாயத்து செய்யத்தக்கது

மழை ஆண்டில் தனி ஒருவர் வீட்டு நெல் மட்டும் கெடுவதில்லை. தெரு முழுவதும் கெடுகிறது. கெட்ட நெல் சாலையோரத்திலும் வாய்க்காலிலும் கொட்டப்படும்போது ஊருக்கே எலி பெருகுகிறது. ஓர் எலி நாளொன்றுக்கு 25 கிராம் அளவு தானியம் தின்னும்; தின்பதைவிடக் கெடுப்பது அதிகம். அதன் சிறுநீர் கலந்த நீரில் வெறுங்காலோடு நடப்பவர்களுக்கு எலிக் காய்ச்சல் பரவுகிறது. வயலில் இறங்குவோர்தாம் அதற்கு முதலில் இலக்காகிறவர்கள். ஆகவே கெட்ட நெல்லை ஒதுக்கும் இடம் எது என்பதைப் பஞ்சாயத்து முன்கூட்டியே வகுத்துவிட வேண்டும். பல ஊராட்சிகளில் மக்கும் குப்பையை உரமாக்கும் கொட்டகைகள் உள்ளன. அறுவடைக் காலத்தில் அங்கே ஒரு குழியை நெல்லுக்கென ஒதுக்கி, வைக்கோலையும் சாணத்தையும் நெல் கொண்டுவருபவரே கொண்டுவர வேண்டும் என்று ஏற்பாடு செய்தால் செலவு அதிகமாகாது. கிடைக்கும் எருவைப் பள்ளித் தோட்டத்துக்கும், கொடுத்தவர்களுக்கும் பங்கிட்டுக்கொள்ளலாம்.

ஆயினும் கெட்ட நெல்லைப் பயன்படுத்துவதைவிட, நெல் கெடாமல் தடுப்பதே பஞ்சாயத்தின் பெரிய வேலை. அதற்கு உலர்களமே ஆதாரம். களம் இருந்தும், வசதி படைத்த இருவர் மூன்று நாள் நெல்லைப் பரப்பி இடத்தை அடைத்துக்கொள்ள, மற்றவர்கள் தார்ச் சாலையில் காயவைக்கும் நிலை பல ஊர்களில் உண்டு. அங்கத்தினர்கள் இதனைக் கண்டும் காணாதிருத்தல் தகாது. சம்பா அறுவடை ஜனவரி 26-ஆம் நாள் கிராம சபையை ஒட்டியும், குறுவை அறுவடை அக்டோபர் 2-ஆம் நாள் சபையை ஒட்டியும் வருகின்றன. களம் எவருக்கு எந்த நாள் என்ற முறைப் பட்டியலையும், தார்ப்பாய்கள் எத்தனை உள்ளன, எவரிடம் உள்ளன என்ற விவரத்தையும் அச்சபைகளில் வைத்து முடிவு செய்து, அன்று மாலையே களத்துச் சுவரில் எழுதிவிடலாம்.